காடைக்குத் தரைதான் வீடு

பறவைக்கூண்டு என்று விற்கப்படுவது பெரும்பாலும் கிளிக்கும் சிட்டுக்கும் செய்த கூண்டு. உயரமாக இருக்கும், குறுக்கே இரண்டு மூன்று குச்சிகள் இருக்கும், அடியில் இழுத்தெடுக்கும் தகரத் தட்டு இருக்கும். அதில் ஒரு காடையை விட்டால், அது அடித்தட்டின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைக்கு மேலே இருக்கும் அத்தனை இடத்தையும் திரும்பிக்கூடப் பார்க்காது. எப்போதாவது பயந்து எழும்பி மேல்கம்பியில் மண்டையை இடித்துக்கொள்ளும்போதுதான் அதற்கு அந்த உயரம் பயன்படும்.

காடை தரைப்பறவை. கிளையைப் பற்றிக்கொண்டு உட்காரும் பழக்கம் அதற்கு இல்லை. நடப்பது, கிளறுவது, புழுதியில் புரள்வது, முட்டையிடுவது, தூங்குவது, எச்சமிடுவது எல்லாமே ஒரே பரப்பில்தான். கிளிக்கூண்டில் எச்சம் கீழே கிடக்கும், கிளி மேலே இருக்கும். காடையோ தன் எச்சத்தின் மேலேயே நின்று, அதன் மேலேயே படுத்து, அதிலிருந்து எழும் ஆவியையே மூச்சாக இழுக்கிறது. எனவே காடைக்கு வீடு அமைக்க நினைப்பவர்கள் முதலில் தரையைத்தான் முடிவு செய்ய வேண்டும். சுவர், கதவு, கூரை எல்லாம் அதற்குப் பிறகு. நான் பார்த்தவரை நடப்பது நேர்மாறாக இருக்கிறது. கதவுக்கு வண்ணம் அடித்து, தாழ்ப்பாளையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு, தரைக்கு நேற்றைய செய்தித்தாளில் இரண்டு தாள் ஒதுக்கப்படும்.

செய்தித்தாளை முதலில் தீர்த்துவிடுவோம். அது மலிவு, சுருட்டி எறிவது சுலபம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது வழுக்கும். வளர்ந்த காடை எப்படியோ சமாளித்துவிடும். எலும்பு இறுகாத குஞ்சு சமாளிக்காது. கால்கள் இருபுறமும் விரிந்து, அப்படியே நிலைத்துவிடும். மேலும் காடையின் எச்சத்தில் தண்ணீர் அதிகம். ஒரே நாளில் தாள் நனைந்து, பறவை அந்த ஈரத்தின் மேல் நிற்கத் தொடங்கிவிடும். தாளைக் கூளத்துக்கு, அதாவது தரையில் மெத்தைபோலப் பரப்பும் உலர்ந்த பொருளுக்கு, அடியில் விரிப்பாகப் போடலாம். தனியாகத் தரையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது கம்பித் தரை. பண்ணைகளில் இதுதான் வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. எச்சம் கண்ணி வழியே கீழே விழுந்துவிடுகிறது; சற்றுச் சாய்வாக அமைத்தால் முட்டை தானாக உருண்டு முன்பக்கம் வருகிறது; எச்சத்தோடு தொடர்பு குறைவதால் குடல் நோய்களும் குறைகின்றன. ஆனால் இறைச்சிக் காடை ஐந்தாறு வாரத்தில் கூண்டை விட்டுப் போய்விடுகிறது. முட்டைக் காடையும் ஓராண்டைத் தாண்டிப் பண்ணையில் இருப்பது அரிது. வீட்டில் செல்லமாக வளரும் காடை இரண்டு மூன்று ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் வாழ்கிறது. அத்தனை காலமும் அந்த மெல்லிய பாதங்கள் கம்பியின் மேல் நின்றால் உள்ளங்கால் தடித்துப் புண்ணாகி, சீழ் வைத்து வீங்கும். நகம் கண்ணியில் மாட்டிப் பறவை இழுத்துக்கொண்டு தவிக்கும். கம்பித் தரையுள்ள கூண்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பாதிக்கு மேற்பட்ட பரப்பில் பலகை போட்டு, அதன் மேல் கூளம் பரப்பினால் போதும். மீதிக் கம்பிப் பகுதிக்கும் ஒரு நல்ல வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கூளம் என்று எதைப் போடுவது? கேள்வி எளிதாகத் தோன்றினாலும், காடை வளர்ப்பவர்கள் இருவர் சேர்ந்தால் சண்டை வருவது இதில்தான். என் தேர்வு உலர்ந்த மரச்சீவல். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக உதிருமே, அது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும், பாதத்துக்கு மெத்தென்று இருக்கும், காடை கிளறுவதற்கும் இடம் கொடுக்கும். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட வேண்டும். வெறுமனே தூவிவிட்டால் அது கூளமாக வேலை செய்யாது. சூளையில் உலர்த்திய பைன் மரச்சீவல் நல்லது. ஆனால் தேவதாரு வகை மரங்களைப் போல மணம் தூக்கலாக இருக்கும் எதையும் தவிர்த்துவிட வேண்டும். நமக்கு இனிக்கும் அந்த மணம், மரத்திலிருந்து வெளியேறும் எண்ணெய்ப் பொருள்களின் ஆவி. நுரையீரலோடு காற்றுப் பைகளும் கொண்ட பறவையின் சுவாச அமைப்பு அதைத் தாங்காது. தச்சுப் பட்டறையிலிருந்து வாங்குகிறவர்கள் என்ன மரம் என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். ஒட்டுப்பலகையை அறுத்த தூளில் பசை இருக்கும். செல்லரிக்காமல் மருந்து ஏற்றிய மரத்தில் அந்த மருந்தும் இருக்கும்.

மரத்தூள் வேறு, மரச்சீவல் வேறு. பொடியான தூள் காற்றில் பறக்கும், கண்ணில் விழும். குஞ்சுகள் அதைத் தீவனம் என்று நினைத்து விழுங்கி இரைப்பை அடைத்துக்கொள்ளும். உமியைப் பற்றி நல்லதும் உண்டு, குறையும் உண்டு. அது நீரை அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால் கட்டிதட்டாது, காற்று உள்ளே புகுவதால் சீக்கிரம் காயும். கூண்டு நல்ல காற்றோட்டத்தில் இருந்தால் உமியைத் தாராளமாகப் போடலாம். மூடிய அறைக்குள் இருந்தால் சீவலோடு கலந்து போடுவது மேல். தென்னை நார்த்தூள் ஈரத்தைப் பிரமாதமாக இழுக்கும், ஆனால் முழுக்கக் காய்ந்ததும் நுண்ணிய புழுதியாக எழும். வைக்கோல் முழு நீளத்தில் வழுக்கும், நீரை உறிஞ்சாது, ஈரம் பட்டால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் வித்துகள் காடையின் நுரையீரலில் குடியேறினால் மருந்தால் மீட்பது கடினம். முட்டையிடும் மூலையில் ஒரு பிடி உலர்ந்த புல் வைக்கலாம், அவ்வளவுதான். பூனைகளுக்காக விற்கப்படும், நனைந்தால் கட்டியாகும் களிமண் துகள்களை மட்டும் எக்காரணம் கொண்டும் போட வேண்டாம். வெளியே கட்டியாவது வயிற்றுக்குள்ளும் கட்டியாகும்.

மணல் மட்டும் தனி வாதத்துக்கு உரியது. சற்றுக் கரகரப்பான, கழுவிக் காயவைத்த மணலைத் தரையாகப் போட்டால், எச்சத்தைச் சல்லடையால் சலித்தே எடுத்துவிடலாம். மணல் மாதக்கணக்கில் நிற்கும். காடைக்கும் அது பிடிக்கும். கூரையுள்ள, வெயில் எட்டிப்பார்க்கும் வெளிக்கூண்டுக்கு மணலைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன். ஆனால் மணல் ஈரத்தை உறிஞ்சுவதில்லை, தனக்குள் தேக்கிவைக்கிறது. வெயில் படாத அறையில் அது நாற்றத்தின் கிடங்காகிவிடும். கனமும் அதிகம், மெல்லிய தகரத் தட்டு வளைந்துவிடும். குளிர் காலத்தில் பாதத்தின் சூட்டையும் வாங்கிவிடும்.

இந்தப் பொருள்களில் எதைத் தேர்ந்தாலும் விஷயம் கடைசியில் ஈரத்தில் வந்து நிற்கிறது. காடைத் தீவனத்தில் புரதம் அதிகம்: குஞ்சுகளுக்கு 24 முதல் 28 சதவீதம் வரை, முட்டையிடும் பேடுகளுக்கு 20 சதவீதம் அளவில். உடலுக்கு வேண்டியதுபோக மிஞ்சும் நைட்ரஜனைப் பறவைகள் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது அதுதான். அது காய்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தவுடன் நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாக மாற்றத் தொடங்குகின்றன. கோழிக் கொட்டில்களில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதற்கும் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது. அளவு கூடக் கூடக் கண்ணில் நீர் வடியும், மூச்சுக்குழாயின் உட்சவ்வு அரிக்கும், பிறகு சாதாரணச் சளிக்கிருமிகூடப் பறவையைச் சாய்த்துவிடும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் ஈரத்தைத்தான் எதிர்பார்க்கிறது. எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டைகள் சூடும் ஈரமும் உள்ள கூளத்தில்தான் முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகின்றன.

இதில் நம் மூக்கை நம்ப முடியாது. தினமும் கூண்டருகே புழங்குகிறவருக்கு நாற்றம் பழகிவிடும். வீட்டுக்கு வந்த விருந்தினர் முகம் சுளிக்கும்போதுதான் தெரியவரும். காலையில் எழுந்ததும், அறைக் கதவைத் திறந்தவுடன், குனிந்து முகத்தைக் காடையின் மட்டத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்க்க வேண்டும். நின்ற உயரத்தில் எதுவும் தெரியாத கூண்டு, தரை மட்டத்தில் கண்ணைக் கரிக்கலாம். கையால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். தளர்ந்து உதிர்ந்தால் சரி. கையோடு புழுதி பறந்தால் காய்ந்தது போதும், தூசியைக் கவனியுங்கள்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், எச்சத்தைவிடத் தண்ணீர்த் தட்டுதான் பெரிய குற்றவாளி. காடை தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை உதறும், தட்டுக்குள் காலை வைக்கும், கூளத்தை உதைத்துத் தட்டை நிரப்பும். நிரம்பிய தட்டு வழியும். முன்பு சொன்ன கம்பிப் பகுதிக்கு வேலை இங்கேதான் வருகிறது. தண்ணீரை அந்தப் பகுதியில் வைத்தால் சிந்துவது கண்ணி வழியே கீழே இறங்கிவிடும், கூளத்துக்கு வராது. கம்பித் தரை இல்லாத கூண்டில், ஆழமில்லாத ஒரு தட்டின் மேல் கம்பிவலைத் துண்டைப் பொருத்தி, அதன் மேல் தண்ணீரை வைக்கலாம். பறவையின் முதுகு உயரத்துக்குத் தண்ணீர் விளிம்பு இருந்தால் கூளம் விழுவதும் குறையும். இந்த ஒரு மாற்றத்தால் கூளத்தின் ஆயுள் கூடுவதைப் போல, எந்த விலையுயர்ந்த கூளத்தாலும் கூடுவதை நான் பார்த்ததில்லை.

ஈரக் கூளத்தின் இன்னொரு விளைவு கண்ணில் படாமல் நடக்கும். எச்சமும் தூளும் உதிர்ந்த இறகும் சேர்ந்து விரல் நுனியில் ஒட்டி, காய்ந்து, கல்லைப் போன்ற உருண்டையாகிவிடும். நாளுக்கு நாள் அதன் மேல் அடுக்கு ஏறும். விரலுக்கு ரத்த ஓட்டம் நின்று, கடைசியில் நகமோ விரலோ போய்விடும். காடை நொண்டாமலேயே இதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் என்பதால், வாரம் ஒருமுறையாவது பறவையைக் கையில் எடுத்து அடிக்காலைப் பார்க்க வேண்டும். உருண்டை தென்பட்டால் பிய்க்கக் கூடாது, நகமும் சேர்ந்து வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் காலை நனைத்துவைத்து, தானாக இளகிய பிறகு மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். சுத்தமான உலர்ந்த தரையிலும் இது ஒன்றிரண்டு பறவைக்கு வரும், ஏனென்று விளங்காது. ஆனால் எல்லாப் பறவைக்கும் ஒரே நேரத்தில் வந்தால் குறை தரையில் இருக்கிறது.

கால் பார்க்கும்போதே எச்சத்தையும் பாருங்கள். புதிதாக வளர்ப்பவர்களைப் பயமுறுத்தும் ஒன்று அங்கே உண்டு: முட்டையின் வெண்கருவை அடித்ததுபோல வெள்ளை நுரை. வளர்ந்த ஆண் காடையின் கழிவாய்க்கு மேலே உள்ள ஒரு சுரப்பி அதை உண்டாக்குகிறது. நோய் இல்லை, இனப்பெருக்க வயதுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி கூரை. திடீரென்று பயந்த காடை பெரும்பாலும் ஓடாது, பக்கவாட்டில் பறக்காது. நின்ற இடத்திலிருந்து நேர்செங்குத்தாக மேலே பாயும். ஆகவே உயரத்தில் இரண்டே வழிகள்தான் உள்ளன. ஒன்று, வேகம் பிடிப்பதற்குள் தலை தட்டும்படி 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை தாழ்வாக வைப்பது. இன்னொன்று, ஆள் நிற்கும் அளவுக்கு, ஏறத்தாழ 180 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தி, மேலே தளர்வான துணிவலை கட்டுவது. இடைப்பட்ட உயரம்தான் ஆபத்து. முழு வேகத்தில் போய் மோதும், உச்சந்தலைத் தோல் உரிந்துவிடும், சில சமயம் கழுத்தே முறியும். இறகை வெட்டினாலும் பயனில்லை, அந்தப் பாய்ச்சலின் தொடக்க விசை காலில் இருக்கிறது. தாழ்ந்த கூண்டிலும் கூரையின் உட்புறம் துணியையோ பசுமைக்குடில் நிழல்வலையையோ இறுக்கமில்லாமல் கட்டிவிடுவது நல்லது.

இடம் எவ்வளவு வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பண்ணைக் கணக்கில் ஒரு சதுர அடியில் ஐந்தாறு காடைகளை அடைப்பார்கள். செல்லப்பறவைக்கு அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். வழக்கமாக வளர்க்கப்படும் ஜப்பானியக் காடை ஒன்றுக்கு ஒரு சதுர அடி என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 40, 50 கிராம் எடையே உள்ள குட்டி நீலமார்புக் காடைக்கும் அதையே கொடுப்பேன், ஏனென்றால் அது ஓடுவது அதிகம். நெரிசல் கூடினால் கூளம் இரண்டு மடங்கு வேகத்தில் கெடும் என்பது ஒருபுறம். ஒன்றையொன்று தலையில் கொத்திக்கொள்வது மறுபுறம். ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பேடுகள் என்ற விகிதம் அமைதியைத் தரும். இரண்டு ஆண்களை ஒரு சிறிய கூண்டில் வைப்பவர்களுக்குக் காலையில் ரத்தத்தைத் துடைக்கும் வேலை கிடைக்கும். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியோ கவிழ்த்த தொட்டியோ கட்டாயம் வேண்டும், அதற்கு இரண்டு வாசல்கள் இருக்க வேண்டும். ஒற்றை வாசல் கொண்ட மறைவிடத்தில் விரட்டப்பட்ட காடை மாட்டிக்கொண்டு அடிபடும்.

சுவருக்கு ஒரே விதி: கண்ணி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கம்பி பற்றவைத்ததாக இருக்க வேண்டும். அறுகோணக் கண்ணியுள்ள கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும். எலியையும் பாம்பையும் வெளியே நிறுத்தாது. காடை தலையை வெளியே நீட்டும் அளவுக்குக் கண்ணி இருந்தால், இரவில் பூனை அந்தத் தலையைத்தான் எடுக்கும். வெளிக்கூண்டென்றால் மண்ணுக்கு அடியிலும் சுற்றிலும் வலையை மடித்துப் பரப்ப வேண்டும். தோண்டி வருகிறவர்களுக்கும் தரைதான் வாசல்.

குஞ்சுகளுக்கு வருவோம். ஜப்பானியக் காடை முட்டை 17, 18 நாள்களில் பொரிக்கும். வெளிவருவது ஏழெட்டு கிராம் எடையுள்ள ஓர் உயிர். முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். எல்லாரும் இந்தச் சூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். நான் குஞ்சின் காலடியைப் பற்றிப் பேசுவேன். முதல் சில நாள்களுக்குச் சொரசொரப்பான துணியோ மேடுபள்ளமுள்ள ரப்பர் விரிப்போ போட வேண்டும். தீவனம் எது, கூளம் எது என்று பிரித்தறியும் வரை மரச்சீவல் வேண்டாம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை நிரப்பிவையுங்கள், ஒரு விரல் ஆழத் தண்ணீரிலேயே குஞ்சு மூழ்கிவிடும்.

காலடித் தரை காடைக்குஞ்சுக்கு எவ்வளவு தேவை என்பதை விண்வெளியில் பார்த்திருக்கிறார்கள். 1990இல் மீர் விண்வெளி நிலையத்தில் ஜப்பானியக் காடை முட்டைகள் பொரித்தன. குஞ்சுகள் முழு உருவத்தோடுதான் வெளிவந்தன. ஆனால் எடையற்ற நிலையில் எதிலும் காலூன்ற முடியாமல் மிதந்து சுழன்றன. தாமாக இரையெடுக்க அவற்றால் முடியவில்லை. பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடிக் கொத்தித் தின்னும் பறவை இது. நிற்க இடமில்லாதபோது கொத்தவும் வழியில்லை.

புழுதிக் குளியலைக் கடைசிக்கு வைத்திருந்தேன், காடை வளர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அது. ஒரு பெட்டியில் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு உலர்ந்த மணலைப் போட்டு வைத்தால், காடை உள்ளே குதித்துப் பக்கவாட்டில் சாய்ந்து, காலால் உதைத்து, இறகின் அடிவரை மணலை ஏற்றி, அரைக்கண் மூடிக் கிடக்கும். பார்க்கிறவருக்குச் செத்துவிட்டதோ என்று தோன்றும். பிறகு எழுந்து ஓர் உதறு உதறும். பாதி மணல் உங்கள் மேல் இருக்கும். இறகில் மிஞ்சிய எண்ணெய்ப் பசை இப்படித்தான் நீங்குகிறது, பேன்களும் குறைகின்றன. இந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்றால், புழுதியே இல்லாத கம்பித் தரையிலும் காடைகள் வெறுமையில் அதே அசைவுகளைச் செய்துபார்க்கும். கம்பித் தரைக்கு எதிராக நான் சொல்லக்கூடிய வாதங்களில் இதைவிட வலுவானது இல்லை.

மணலோடு சிறிது மரச்சாம்பல் கலக்கலாம். பூச்சிக்கென்று விற்கும் நுண்ணிய வெண்பொடிகளைக் கலப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, அந்தத் துகள் பூச்சிக்கு என்ன செய்கிறதோ, மூச்சில் போனால் நுரையீரலையும் அரிக்கும். பெட்டியை நாள் முழுவதும் உள்ளேயே விட்டால் அது கழிவறையாகவும் முட்டைக்கூடாகவும் மாறிவிடும். காலையில் ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். பேடுகள் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் முட்டையிடும் என்பதால் மோதல் வராது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கூளம் மாற்றுவது என்ற கேள்விக்கு நாள்கணக்கில் பதில் சொல்ல முடியாது. தண்ணீர்த் தட்டைச் சுற்றியும், அவை உறங்கும் மூலையிலும் கட்டிதட்டியதை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். மற்ற இடத்தைக் கிளறிவிட்டு மேலே புதியது தூவினால் போதும். கைப்பிடிச் சோதனையில் தேறாதபோது மொத்தமாக மாற்றலாம். மாற்றும்போது ஓர் எச்சரிக்கை: எச்சம் ஒட்டிய தரையில் பிளீச்சிங் கரைசலை நேரடியாக ஊற்றாதீர்கள். எச்சத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு எழும். முதலில் சுரண்டி, சோப்புநீரால் கழுவி, பிறகுதான் கிருமிநாசினி. அதன் பின் வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே புதுக் கூளம். மரக்கூண்டென்றால் இடுக்குகளையும் பாருங்கள். பகலில் அங்கே பதுங்கியிருக்கும் சிவப்பு உண்ணி இரவில் வந்து பறவையின் ரத்தத்தைக் குடிக்கும்.

அள்ளிய கூளத்தைக் குப்பையில் போடாதீர்கள். நைட்ரஜன் நிறைந்த எச்சமும் மரச்சீவலின் கரிமமும் கலந்த அது அருமையான எரு. ஆனால் புதிதாகச் செடிக்கு இட்டால் வேர் கருகும். ஓரமாகக் குவித்து, இடையிடையே புரட்டிவிட்டு, மண்வாசனை வரும்வரை சில மாதங்கள் மட்கவிடுங்கள். அள்ளும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.